எத்தனை வைக்கட்டுங்ணா?

முதலில் படுத்தது டீசல் முள்தான். சூலூர் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும், முக்கால் டேங்கில் நின்றுகொண்டிருந்த முள் சட்டென்று அடிமட்டத்துக்குச் சரிந்தது. வழியில் நான்தான் யாருக்கோ டீசலை ஊற்றிவிட்டேன் என்பதுபோல மனைவி என்னைப் பார்த்தாள். அடுத்த வேகத்தடையில் அது தானாக எழுந்து பழைய இடத்துக்கே வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பதினோரு வருஷத்து வண்டிக்கு இந்தக் கோணங்கித்தனம்கூட இல்லாவிட்டால் எப்படி.

சிரிப்பு ஒரு வாரம்தான். 2023 ஐப்பசி மழையில் வேக முள்ளும் சேர்ந்துகொண்டது. எண்பதில் போகும்போது சுழியத்தைக் காட்டும், சிக்னலில் நிற்கும்போது நாற்பதைக் காட்டும். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டு முழுக்கக் கார்த்திகை தீபம். ஏர்பேக், ஏ.பி.எஸ்., பேட்டரி, ஆயில், இன்ஜின் என்று எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் சின்னத் திரையில் எண்ணுக்குப் பதிலாக ஆறு கோடுகள்.

அந்த ஆறு கோடுகள்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தன. ஆடிட்டர் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துப் பிழைப்பவன் நான். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் கோடு இருந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். கடைசியாகப் பார்த்தது ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்துச் சொச்சம் என்று நினைவிருந்தது. அந்தச் சொச்சம் நினைவில்லை. போதாததற்கு, வண்டியை விற்கும் பேச்சும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர் தன் மகள் ஓட்டிப் பழகுவதற்காகக் கேட்டிருந்தார். ஓடியது 1,16,000 கிலோமீட்டர், விலை 1,90,000 ரூபாய் என்று பேசி, தை பிறந்ததும் கைமாற்றுவதாகச் சொல்லியிருந்தேன்.

எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே அவசியமில்லை, இதில் கம்பெனியின் குற்றமும் இல்லை. முந்தின வருஷம் லாரி தெறித்த கல்லில் முன் கண்ணாடி விரிசல் விட்டு, ஒரு கடையில் மாற்றினோம். பசை வைத்ததில் எங்கோ ஊசிமுனை இடைவெளி விட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, டேஷ்போர்டுக்குள் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு நடந்து, மீட்டரின் முதுகில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு வருஷம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வண்டிக்குள் வந்த ஈர நாற்றம்தான். அதற்கு நாங்கள் மல்லிகை வாசனை டப்பா வாங்கி மாட்டினோம்.

சர்வீஸ் சென்டரில் புது மீட்டருக்கு முப்பத்தோராயிரம் சொன்னார்கள். ஆர்டர் போட்டு ஆறு வாரம். "புதுசு ஜீரோவுல இருந்து ஆரம்பிக்கும் சார். சர்வீஸ் புக்ல மீட்டர் மாத்துனதுன்னு எழுதி சீல் போட்டுக் குடுத்துருவோம்" என்றார் அங்கிருந்தவர். வண்டி விற்கப்போகும் விலையில் ஆறில் ஒரு பங்கு. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிஷியன் இருக்கிறார் என்று எங்கள் தெரு மெக்கானிக் அனுப்பிவைத்தார். முப்பது வயதுகூட இருக்காது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். பத்துக்குப் பன்னிரண்டு கடை, ஒரு மேஜை, மேஜைமேல் லேப்டாப், பூதக்கண்ணாடி விளக்கு, சாலிடரிங் அயர்ன். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, வெவ்வேறு வண்டிகளின் மீட்டர்களை மாட்டியிருந்தார். எல்லா முட்களும் படுத்துக் கிடந்தன. நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணா என்றார். கோயமுத்தூரில் அதற்குமேல் அறிமுகம் தேவைப்படுவதில்லை.

தம்பி உடனே மீட்டரில் கைவைக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் பதினாறு ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது அல்லவா, ஸ்கேனர் மாட்டுவது, அதில் ஆறாவது ஓட்டையிலும் பதினான்காவது ஓட்டையிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். "அறுபது ஓம் வருதுங்ணா. வயரிங் நல்லாருக்கு. மீட்டர்லதான் கோளாறு" என்றார். எனக்கு அது மந்திரம்போல இருந்தது. கேட்டதற்குச் சொன்னார். இப்போதைய கார்களில் இன்ஜின், பிரேக், ஏர்பேக், மீட்டர் என்று தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே வயரில். கேன் பஸ் என்று பெயர். போஷ் கம்பெனி 1986இல் கொண்டுவந்தது. அந்த இரட்டை வயரின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் நடுவில் எங்கே அளந்தாலும் 60 வரவேண்டும். 120 வந்தால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த இணைத் தடைக் கணக்கு முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு கார் கடையில் விளங்கியது.

மீட்டரைக் கழற்றி மேஜையில் குப்புறப் போட்டுத் திறந்தார். பச்சைப் பலகையின் ஒரு மூலையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது, பித்தளைக் குடத்துக் களிம்பு மாதிரி. ஒவ்வொரு முள்ளுக்கும் அடியில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு ஸ்டெப்பர் மோட்டார். இந்த மோட்டாரின் சுபாவத்தை அவர் சொன்னபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாதாம். இத்தனை அடி முன்னால் வந்தேன், இத்தனை அடி பின்னால் போனேன் என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நடுவில் கரன்ட் ஒரு நொடி போய் வந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். பிறகு நாற்பதில் நின்றுகொண்டு சுழியத்தில் நிற்பதாகவே நம்பும். வண்டியைக் கிளப்பும்போது முட்களெல்லாம் ஒருமுறை சுழியத்து முட்டுக்குப் போய் இடித்துவிட்டு வருவது இதற்காகத்தான்.

களிம்பைச் சுரண்டிக் கழுவி, விட்டுப்போன இடங்களில் ஈயம் வைத்தார். எண்ணூறு ரூபாய். மூன்று வாரம் ஓடியது. திரும்பவும் கார்த்திகை. இன்னொரு முறை வைத்தார், காசு வாங்கவில்லை. நான்கு நாள். "போர்டுக்குள்ள அடுக்கடுக்கா கோடு போகுதுங்ணா. உள்ளடுக்கு அரிச்சிருச்சு. இனி நாம பாக்கறதெல்லாம் பொணத்துக்கு வைத்தியம்."

பழைய மீட்டர் ஒன்று சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியது, ஆறாயிரத்து ஐந்நூறு, ஆம்னி பஸ் பார்சலில் காலையில் வந்துவிட்டது. பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாகத்தின் எண், அதன் கடைசி எழுத்து உட்பட, எங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று மூன்று முறை பார்த்துத்தான் வரவழைத்திருந்தார். டீசல் மீட்டருக்குப் பெட்ரோல் மீட்டர் உதவாது, டேக்கோமீட்டரின் கணக்கே வேறு. வந்ததை மேஜையில் வைத்துக் கரன்ட் கொடுத்தார். முட்கள் ஒருமுறை உச்சிக்குப் போய்த் திரும்பின. திரையில் எண் வந்தது. 62,310.

யாரோ எங்கோ ஓட்டிய அறுபத்திரண்டாயிரம். அடிபட்ட வண்டி என்றாரே, ஓட்டியவர் என்ன ஆனார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

வண்டியில் மாட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் கிளம்பியது, எனக்குச் சந்தோஷம். இரண்டு நொடியில் அணைந்தது. திரும்பக் கிளப்பினார், திரும்ப இரண்டே நொடி. சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "அப்படித்தாங்ணா ஆகும். இது யாரு வீட்டு மருமகன்னு அதுக்குத் தெரியாதுல்ல" என்றார் தம்பி. திருட்டுத் தடுப்புக்கான ரகசிய எண் எங்கள் வண்டியில் மீட்டருக்குள்தான் இருக்கிறது. சாவிக்குள் இருக்கும் சில்லு, மீட்டர், இன்ஜினின் ஈ.சி.எம். மூன்றும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டால்தான் டீசல் போகும். எல்லா வண்டிகளிலும் இப்படி இல்லை. சிலவற்றில் இந்த வேலையைத் தனிப்பெட்டி பார்க்கிறது. எங்களுடையது இந்த ஜாதி.

ஆகவே பழைய மீட்டரின் நினைவை எடுத்துப் புதியதில் வைக்க வேண்டும். நினைவு என்று நான் கவித்துவமாகச் சொல்லவில்லை, அதற்கு அதுதான் பெயர். எட்டுக் கால் உள்ள ஒரு கறுப்பு ஐ.சி., இரண்டு அரிசியைச் சேர்த்து வைத்த அளவு. கரன்ட் போனாலும் மறக்காது. தம்பி அதைச் சூடுகாட்டிப் பெயர்த்து, ஒரு சின்னக் கருவியில் வைத்து, லேப்டாப்பில் ஃபைலை எடுத்தார். திரை முழுக்க எண்ணும் எழுத்துமாக வரிசை வரிசையாக வந்தது. பதினாறை அடியாகக் கொண்ட கணக்கு, ஒன்பதுக்கு மேல் ஏ, பி, சி என்று போகும். "இதாங்ணா உங்க கிலோமீட்டர்" என்று ஒரு இடத்தைக் காட்டினார். ஒன்று, சி, ஏழு, சுழி, இரண்டு. நான் பில் புத்தகத்தின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். 1,16,482. தொலைந்துபோன சொச்சம் கிடைத்துவிட்டது.

ஒரே எண் திரும்பத் திரும்பப் பல கட்டங்களில் இருப்பதைக் கவனித்தேன். சிலவற்றில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்றிரண்டு குறைவு. இந்த ஐ.சி.யின் ஒரே கட்டத்தில் லட்சக்கணக்கான முறை அழித்து எழுதினால் அது தேய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து, சுற்றிச் சுற்றி எழுதும். எங்கள் ஆபீசில் பழைய லெட்ஜர்களைப் பார்த்த கண்ணுக்கு இது பழக்கமான விஷயம்தான். எண்ணை ஓரிடத்தில் வைக்காதே, நான்கு இடத்தில் வை. திருத்துகிறவன் ஒன்றை மறப்பான்.

அன்றைக்கு மறந்துபோன இடம் இன்ஜின் ஈ.சி.எம்.

புதிய மீட்டரில் ஃபைலை ஏற்றுவதற்கு முன்னால் எல்லாப் பெட்டிகளிலும் என்ன கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது தம்பியின் வழக்கம். ஸ்கேனரை மாட்டி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். சில வண்டிகளில் ஈ.சி.எம். தனக்கென்று ஒரு தூரக் கணக்கு வைத்திருக்கும். மீட்டரைக் கேட்காமல், சக்கர வேகத்தைக் கொண்டு தானே கூட்டிக்கொண்டு போகும். அதைக் காட்டினார். 1,78,026.

"மீட்டருல ஒரு லட்சத்துப் பதினாறு. ஈசிஎம்ல ஒரு லட்சத்து எழுபத்தெட்டு. அண்ணா, இந்த வண்டிய நீங்க புதுசா எடுத்தீங்களா, செகண்ட்ஸா?"

செகண்ட்ஸ். 2017 பிப்ரவரியில் எடுத்தேன். அப்போது மீட்டரில் 47,900. எடுத்தது என் மனைவியின் அண்ணனிடம்.

"எடுக்கறப்பவே யாரோ கொறச்சிருக்காங்ணா" என்றார் தம்பி, ஏதோ வானிலை சொல்வதுபோல. வித்தியாசம் 61,544. மனக்கணக்காகவே வந்தது. அதைத்தான் தினமும் செய்கிறேனே.

*

தூரத்தை அளக்கிற யோசனை பழையது. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ரூவியஸ் தன் புத்தகத்தில் ஒரு வண்டியை விவரிக்கிறார். நான்கு அடி விட்டமுள்ள சக்கரம் நானூறு முறை சுற்றினால் ஒரு ரோமானிய மைல். ஒவ்வொரு மைலுக்கும் பல்சக்கரங்கள் ஒரு கூழாங்கல்லை நகர்த்தி வெண்கலப் பாத்திரத்துக்குள் விழச் செய்யும். விழும் சத்தம் கேட்கும். ஊர்போய்ச் சேர்ந்ததும் கற்களை எண்ணினால் தூரம். இதைப் படித்தபோது முதலில் தோன்றியது, பாத்திரத்திலிருந்து நாலு கல்லை எடுத்து எறிந்துவிட எவ்வளவு நேரமாகும் என்பதுதான். தொழில் புத்தி.

கேபிள் போட்ட மீட்டர் காலத்தில் கேபிளைக் கழற்றி டிரில்லிங் மெஷினில் மாட்டிப் பின்பக்கமாக ஓட்டுவார்களாம். அம்பாசிடர் காலத்துப் புரோக்கர்களின் வித்தை. இன்றைக்கு அதற்கு லேப்டாப்பில் பத்து நிமிஷம். அமெரிக்காவில் 1972இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். சில பி.எம்.டபிள்யூ வண்டிகளில் எண்ணை இரண்டு பெட்டிகளில் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் ஒரு சின்னப் புள்ளி எரியத் தொடங்கும். விஷயம் தெரிந்தவர்கள் பழைய வண்டி வாங்கும்போது முதலில் அந்தப் புள்ளியைத் தேடுவார்கள். எங்கள் வண்டிக்கு அப்படிப் புள்ளியெல்லாம் இல்லை.

வேக முள்ளின் கதை இன்னும் வேடிக்கை. அது சட்டப்படியே கூட்டிச் சொல்ல வேண்டியது. ஐ.நா.வின் 39ஆவது வாகன விதிப்படி, முள் காட்டுவது உண்மையான வேகத்துக்குக் கீழே போகவே கூடாது. மேலே பத்து சதவீதமும் அதோடு நான்கு கிலோமீட்டரும் வரை போகலாம். அதாவது நூறில் போகிறவனுக்கு நூற்றுப் பதினான்கு என்று காட்டினாலும் குற்றமில்லை. எல்லாக் கார்களும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகின்றன. அந்தப் பொய் நம் நன்மைக்கு. ஒரே கண்ணாடிக்கு அடியில், ஒரு விரற்கடை தூரத்தில், இன்னொரு எண்.

*

"எத்தனை வைக்கட்டுங்ணா?" என்றார் தம்பி.

மூன்று எண்கள் இருந்தன. புதுப்பேட்டைக்காரனின் 62,310. எங்கள் மீட்டரின் 1,16,482. ஈ.சி.எம். சொல்லும் 1,78,026. "விக்கற வண்டின்னீங்களே. எது வேணும்னாலும் வைக்கலாம். ஈசிஎம்மையும் மாத்தறதுக்கு ஆளு இருக்காங்க. நான் பண்றதில்ல" என்றார். அந்தக் கடைசி மூன்று சொற்களை அவர் அழுத்திச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். 1,16,482. காரணம் கச்சிதமாக இருந்தது. எனக்குத் தெரிந்த எண் அதுதான். நான் எதையும் குறைக்கவில்லை. பழைய மீட்டரில் இருந்ததை அப்படியே புதிய மீட்டருக்கு எடுத்துப்போகிறேன். போன வருஷத்து இறுதி இருப்பு இந்த வருஷத்துத் தொடக்க இருப்பு, தணிக்கையின் பாலபாடம். தொடக்க இருப்பு தப்பென்று தெரிந்த பிறகு அதைக் கொண்டுவந்து எழுதினால் அதற்குப் பெயர் என்ன என்பதும் பாலபாடம்தான். அது சிங்காநல்லூர் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது ஞாபகம் வந்தது. 1,78,000 என்று சொன்னால் ஆபீஸ்காரர் ஒன்றரைக்கு மேல் தரமாட்டார். நாற்பதாயிரம் ரூபாய்க் கேள்வி.

பிறகுதான் டைமிங் பெல்ட் நினைவு வந்தது. நடையே நின்றுவிட்டது.

இன்ஜினில் மேலே வால்வுகளும் கீழே பிஸ்டன்களும் ஒன்று இறங்க ஒன்று ஏற என்று தாளம் தப்பாமல் ஓடுவது ஒரு ரப்பர் பெல்ட்டால். எங்கள் வண்டிக்கு அதை 1,20,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்லிக் கையேட்டில் போட்டிருக்கிறது. மாற்றாமல் ஓட்டி, ஓடும்போது அது அறுந்தால், பிஸ்டன் மேலேறி வால்வை இடிக்கும். இன்ஜின் அந்த இடத்திலேயே முடிந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது, வண்டி உயிரற்றுப்போகும். மீட்டரில் 1,16,000தானே, விற்பதற்குள் செலவு எதற்கு, வாங்குகிறவர் மாற்றிக்கொள்ளட்டும் என்று நான் விட்டு வைத்திருந்தேன். அது என் தனிக் கணக்கு. ஆனால் பெல்ட் ஓடியது 1,78,000. அந்த வண்டியில்தான் போன மாதம் பிள்ளைகளைப் பழனிக்குக் கூட்டிப்போனேன். அதே வண்டியைத்தான் புதிதாக ஓட்டிப் பழகும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கவிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரு முனையில் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணானது. எண்களை மட்டும்தான் சொல்ல வந்தது. மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். பெல்ட் விஷயம் வந்ததும் கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"அந்த வண்டியிலதானுங்க அம்மாவ ராத்திரியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தோம். திருப்பூருல இருந்து."

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"அண்ணா, வண்டி எங்களுக்குக் குடுக்கறப்ப கிலோமீட்டரக் கொறச்சீங்களா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. கதவு சாத்துகிற சத்தம்.

"மாப்ள பக்கத்துல இருக்காரா?"

"இருக்காருங்க. சொல்லுங்க."

"கொறச்சேன்" என்றார் மச்சான்.

*

2017இன் தொடக்கம் திருப்பூருக்கு எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மச்சான் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருந்தார். பன்னிரண்டு தையல் மெஷின், சனிக்கிழமை தோறும் ரொக்கத்தில் கூலி. நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதும், சனிக்கிழமை என்பது அவருக்கு ஒரு பயம் ஆகிவிட்டது. வேலை கொடுக்கிறவர்கள் செக் கொடுத்தார்கள், ஆட்கள் செக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள். பைனான்ஸில் வாங்கிக் கூலி கொடுத்தார். தை முடிந்ததும் பைனான்ஸ்காரர்கள் வாசலில் வந்து உட்காரத் தொடங்கினார்கள். அப்போதுதான் வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

போனில் அவர் சொன்னது இதுதான். புரோக்கரிடம்தான் முதலில் கொடுத்திருக்கிறார். லட்சம் தாண்டின வண்டிக்கு இரண்டரைக்கு மேல் ஒருத்தனும் தரமாட்டான் என்று சொல்லி, மீட்டரைக் குறைத்துக்கொண்டு வந்ததும் புரோக்கர்தான். இரண்டு நாள் கழித்து நான் போய் நின்றேன். வெளியாளுக்குக் கொடுப்பானேன், நானே எடுத்துக்கிறேன் மச்சான் என்று.

"உங்களுக்குன்னு கொறைக்கலீங்க மாப்ள. வெளிய விக்கறதுக்குக் கொறச்சது. நீங்க வந்து நானே எடுத்துக்கறேன்னீங்க. மீட்டரப் பாத்துட்டு, அட, இவ்ளோதான் ஓடியிருக்குதான்னீங்க. அப்ப எப்பிடிச் சொல்றது நானு?"

அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இன்னொன்றும் ஞாபகம் இருந்தது. அவர் நான்கு லட்சம் கேட்டார். பைனான்ஸ்காரர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும், மனைவி சொல்லியிருந்தாள். தெரிந்துகொண்டேதான் மூன்று அறுபது என்றேன். ரொக்கமாக, நாளைக்கே என்றேன். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டுச் சரிங்க மாப்ள என்றார். திரும்பி வரும் வழியில் நாற்பதாயிரம் மிச்சம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"சரிங்க மச்சான். பெல்ட் மட்டும் மாத்தலீங்க, அதான்" என்றேன். வேறென்ன சொல்வது. மனைவி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அரை மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

*

மறுநாள் முதல் வேலையாக வண்டியைக் கட்டி இழுத்து எங்கள் மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுபோய் பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். அவர் அதை இரண்டு கையாலும் பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். பற்களின் அடியில் வரிவரியாக வெடிப்பு, ஒரு ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. "இன்னும் எத்தனை நாள் வந்திருக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க. பத்தாயிரமும் வரும், பாலம் தாண்டறதுக்குள்ளயும் போகும்." பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்து பதினோராயிரம். மீட்டரின் கணக்கை இது தாண்டிவிட்டது.

சாயங்காலம் தம்பியிடம் போய் 1,78,026 வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "ஏத்தி வைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதாங்ணா" என்றார். இரண்டு, பி, ஏழு, ஆறு, ஏ. எழுத வேண்டிய ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி, ஐ.சி.யைப் புதிய பலகையில் வைத்து ஈயம் போட்டார். அதோடு ரகசிய எண்ணும் வந்துவிட்டது. இந்த முறை இன்ஜின் இரண்டு நொடி தாண்டி, பத்து நொடி தாண்டி, ஓடிக்கொண்டே இருந்தது. முன் கண்ணாடியின் பசையையும் அவரே ஒரு பக்கம் பிரித்து ஒட்டினார். திருச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். போனில் ஜி.பி.எஸ். எண்பது காட்டியபோது முள் எண்பத்து நான்கில் நின்றது. சரியாகத்தான் இருக்கிறது.

ஆபீஸ்காரரிடம் சொன்னேன். நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை, எண்ணைச் சொன்னேன், பெல்ட் மாற்றியதைச் சொன்னேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து வேறு வண்டி பார்த்துவிட்டதாகச் சொன்னார். அந்த வண்டியில் எத்தனை காட்டியது என்று கேட்டேன். 39,000 என்றார் சந்தோஷமாக. 2013 மாடல். ஈ.சி.எம்.மைப் பார்க்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, உங்களுக்கு எல்லாத்துலயும் ஆடிட்டு என்றார். விட்டுவிட்டேன். இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

வண்டி எங்களிடமே இருக்கிறது.

பொங்கலுக்கு மச்சான் வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். வழக்கம்போல எனக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார். பேச்சு மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று அத்தையை மருதமலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். அவர்கள் வந்தது பஸ்ஸில். எனக்கு ஆபீசில் ஒரு அவசர வேலை. சாவியை எடுத்து மச்சானிடம் நீட்டினேன். அவர் ஒரு நொடி தயங்கி வாங்கினார்.

நான் திண்ணையில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார், சாவியைப் போட்டார். முட்கள் எழுந்து போய்த் திரும்பி வந்திருக்கும். அவர் கிளப்பவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் அத்தை, "என்னடா, கெளம்பலயா?" என்றார்.

ஜன்னலை இறக்கி, "டீசல் முள்ளு சரியாக் காட்டுதுங்களா மாப்ள?" என்று கேட்டார்.

"அது கொஞ்சம் கொறச்சுக் காட்டுதுங்க மச்சான். வேற வண்டி மீட்டரு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். ராத்திரி நான் திரும்பியபோது அவர்கள் திருப்பூருக்குக் கிளம்பியிருந்தார்கள், சாவி ஆணியில் தொங்கியது. காலையில் வண்டியைக் கிளப்பினேன். முள் மேலே போய் உச்சிக் கோட்டைத் தாண்டி இடித்துக்கொண்டு நின்றது. அந்த மீட்டர் வந்த நாளிலிருந்து அது அவ்வளவு தூரம் போனதில்லை. கழுத்துவரை ஊற்றியிருக்கிறார்.